சுவரோரக் குப்பை

குழியை மூட வந்த அன்று அங்கே இருந்தவர்கள்: சுகாதார ஆய்வாளர், மண்வெட்டியும் கூடையுமாக அவரோடு வந்த இரண்டு ஆட்கள், மனு எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், சன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளே நின்று பார்த்த அவர் மனைவி, அப்புறம் என் அம்மா. இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா வெங்காயப்பேட்டையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கல்லூரியில், தாவரவியல் செய்முறைத் தேர்வில், ஏதோ ஒரு செடியின் தண்டை மெல்லிசாக அறுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் அன்று எங்கள் கொல்லையில் ஒரு தாளை நீட்டியபோது அதை வாங்கிப் படிக்க ஆள் இல்லை.

அம்மா கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

ஆபீசர் வந்து பார்த்துவிட்டுப் போனதற்கு ஒரு அத்தாட்சி, வேறொன்றும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். மை டப்பாவைக் கொண்டுவந்ததும் அவர்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்தாராம். மற்றதையெல்லாம் நான் மறந்தாலும் அந்த மை டப்பாவை மறக்க முடியாது. அடுத்தவர் கொல்லைக்கு ஒருவர் மை டப்பாவோடு வருகிறார் என்றால், அங்கே இருப்பவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதைக் கணக்கில் வைத்துத்தானே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

சாயங்காலம் நான் வந்து அந்தத் தாளின் நகலைப் படித்தேன். "என் வீட்டுக் கொல்லையில் நான் சேர்த்துவரும் குப்பையால் துர்நாற்றமும் ஈயும் பெருகி அண்டை வீட்டாருக்கு நோய் பரவ ஏதுவாகிறது என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்" என்று அழகான, உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தது. நூறு ரூபாய் அபராதத்தையும் அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தாள். 'மனப்பூர்வமாக' என்ற சொல்லுக்குக் கீழே அவள் விரல் ரேகை ஊதாவாக இழுபட்டுக் கிடந்தது.

நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எம் பேர்லயா அம்புட்டும் எழுதியிருக்கு?" என்றாள்.

அந்தக் குப்பை என்னவென்று சொல்ல வேண்டும். தாடிக்கொம்பு சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அப்போதுதான் மனை போட்டு விற்ற இடத்தில், எங்களுக்கு இரண்டு சென்ட். பேட்டையில் வேலை முடிந்ததும் அப்பா ஒரு சாக்கு நிறைய வெங்காயச் சருகும் அழுகல் வெங்காயமும் கூட்டி அள்ளி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். பேட்டைக்காரர்களுக்கு அது கூட்டித் தள்ள வேண்டிய குப்பை, எங்களுக்கு வரும்படி. அம்மா அதைக் குழியில் கொட்டி, மேலே ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், வேப்பஞ்சருகு என்று போட்டு மூடுவாள். நாலு மாதத்தில் அது கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். அதை எடுத்துத்தான் தண்டங்கீரைப் பாத்தி. அந்தக் கீரையைக் கூடையில் வைத்து அம்மா நாலைந்து தெரு சுற்றி விற்பாள். என் தேர்வுக் கட்டணம், செய்முறை நோட்டு, பஸ் காசு எல்லாம் அந்தக் குழியிலிருந்து வந்ததுதான். நாற்றமே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் லேசாக வரும். மூன்றாம் நாள் வெயிலில் போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும். தெருவிளக்குக்கு மனு, தண்ணீர்க் குழாய்க்கு மனு, எல்லாம் அவர் எழுத்துதான். என் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். அன்றைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, பையனைப் படிக்க வை, நம்ம தெருவுக்கே பெருமை என்று சொல்லி அனுப்பினார். அப்பா அதை வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிற்பாடு அவர் மாடி எடுத்துக் கட்டினார், கொல்லைச் சுவரைப் பூசி வெள்ளையடித்தார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் எங்கள் குழி அவர் மூக்குக்கு எட்டியது.

நாலு மாதக் குப்பையையும் அந்த இரண்டு ஆட்கள் அள்ளி வண்டியில் கொட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும் என்றுகூட விட்டிருப்பேனோ என்னவோ. ஒரு வாரம் கழித்து ஊர்த் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அவர் வீட்டு வாசலில் ரோஜாத் தொட்டிகளைப் பார்த்தேன். புதிதாக உரம் போட்டிருந்தார்கள். கறுப்பு மண்ணுக்கு நடுவே, மக்காமல் விட்டுப்போன சின்ன வெங்காயத் தோல், ஊதா நிறத்தில், அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குப்பை. இரண்டு கூடையாவது இருக்கும். நோய் பரப்புகிற குப்பை என்று என் அம்மாவிடம் ரேகை வாங்கியவர், அதையே அள்ளித் தன் வீட்டு வாசலில் வைத்திருந்தார்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு நான் செத்த நேரம் அங்கேயே நின்றேன். இதற்கு ஒருநாள் பதில் சொல்லுவேன் என்று அப்போது முடிவு செய்தேன். ஆத்திரத்தில் எடுத்த முடிவு அல்ல அது. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்று முடிவு செய்வதுபோல நிதானமாகத்தான் செய்தேன்.

உரமில்லாமல் கீரை மஞ்சள் பாய்ந்து புல்பூண்டு மாதிரி நின்றது. அம்மா பேட்டைக்கு வெங்காயம் ஆயப் போனாள். காம்பும் வேரும் கிள்ளிக் கிள்ளி, சாயங்காலம் வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். தெருவில் யாராவது ஏன் அழுதாய் என்று கேட்டால் வெங்காயம் என்பாள். எல்லா நாளும் அது வெங்காயம்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் குப்பையைப் படித்தேன். சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே படித்தேன். கல்லூரி நூலகத்தில் மண்ணைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எதனால் நாறுகிறது, எதனால் நாறாமல் இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். எழுத எழுத எனக்குப் பிடிபட்டது இதுதான்: குப்பைக்குக் காற்று வேண்டும். ஈரப் பொருளும் காய்ந்த பொருளும் அளவாகச் சேர்ந்து உள்ளே காற்று ஓடினால் அது சூடாகி வெந்து அடங்கிவிடும், வாடையே வராது. காற்றை அடைத்துத் தண்ணீரைக் கூட்டினால் அழுகி நாறும். அழுகின வெங்காயமும் சேர்ந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். ஆக, நாற்றம் என்பது தானாக வருவதல்ல. அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். படித்து முடித்தபோது அது என் கைக்குள் இருந்தது.

பட்டம் வாங்கிய வருடம், அதே சுகாதார ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். நாறாமல், ஈ மொய்க்காமல் வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது தம்பி என்றார். பழைய குழி இருந்த இடத்தை நான் தொடவில்லை. கொல்லையின் மறுமூலையில், பக்கத்து வீட்டுக் கூடத்துச் சன்னலுக்கு நேர் எதிரே, அவர் வெள்ளையடித்த சுவரை ஒட்டி ஆரம்பித்தேன். அடியில் முள்ளும் பருத்திமாரும் பரப்பினேன், காற்று போக. நாலு மூங்கில் கழியைச் செங்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கொட்டினேன்: ஒரு சாண் காய்ந்த சருகு, நாலு விரல் வெங்காயம், அதன்மேல் புழுக்கை, கரைத்த சாணித் தண்ணீர், மறுபடி சருகு. இடுப்பளவு வந்ததும் கழிகளை உருவினேன். நாலு ஓட்டை நின்றது. கடப்பாரையை நடுவில் செருகி வைத்து மறுநாள் உருவினால் பிடிக்க முடியாமல் சுடும். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளுவேன். ஆய்வாளர் ஒருநாள் தாமாகவே வந்து கையை விட்டு அள்ளி மோந்து பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு போனார்.

சார் சன்னலில் நின்று அதைப் பார்த்தார். அவரால் ஒன்றும் எழுத முடியவில்லை. கீரை மறுபடி பச்சையானது, அம்மா பேட்டைக்குப் போவதை நிறுத்தினாள். அதோடு விட்டிருந்தால் நான் நல்ல பிள்ளை.

ஒருநாள் காலை அவர் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டார். "தம்பி, புதன்கிழமை கழிச்சு அடுத்த புதன்கிழமை பாப்பாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஒட்டன்சத்திரம் பக்கம். பெரிய இடம். அதுவரைக்கும் அந்தக் குப்பையப் போட்டுக் கெளறிக்கிட்டு இருக்காத."

"சரி சார். கெளறலை" என்றேன்.

பத்து நாள் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், கிளறவே இல்லை. அப்பா கொண்டுவந்த அழுகல் வெங்காயம் இரண்டு சாக்கையும் சருகு சேர்க்காமல் அப்படியே மேலே கொட்டினேன். கழுநீர், வடித்த கஞ்சி, ஆட்டுத் தொட்டியில் மிஞ்சிய தண்ணீர், எது கிடைத்தாலும் ஊற்றினேன். நாலு ஓட்டைகளையும் களிமண்ணால் அடைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த விரிப்பைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்தேன். உள்ளே அது தன் வேலையைப் பார்த்தது. வெளியே கொஞ்சம்தான் வந்தது.

கொஞ்சம் வந்ததே அம்மாவுக்குப் போதும். "ஏலே, என்னலே இது, எலி செத்த மாதிரி வருது. கெளறி விடு" என்றாள். வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஓடிப்போய் அதைப் பிடுங்கி வைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளிடமிருந்து எதையும் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை பத்து மணிவாக்கில் வேன் வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கேசரி வாசனையும் ஊதுபத்தி வாசனையும் சுவரைத் தாண்டி வந்தன. நான் அவசரப்படவில்லை. காப்பி டம்ளர் சத்தம் கேட்கும்வரை கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டதும் எழுந்து போய்க் கற்களை எடுத்தேன், விரிப்பை உருவினேன், கடப்பாரையைக் குப்பையின் விலாவில் இறக்கி ஒரு நெம்பு நெம்பினேன்.

அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. அழுகின முட்டை, சாக்கடை, பேட்டையில் மழைக்கப்புறம் வரும் வெங்காய வீச்சம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. எனக்கே கண்ணில் நீர் வந்தது. ஈக்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. யாரோ இருமினார்கள். சன்னலை மூட ஒரு கை வந்தது. சாரின் மகள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கதவைச் சாத்தும் முன் என்னைப் பார்த்தார். நான் 'அக்கா' என்று கூப்பிட்டு வளர்ந்தவன்; அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நிறுத்திக்கொள்ள அது போதாது என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

நான் எதிர்பார்த்தது வேன் கிளம்பும் சத்தம். கேட்டது, அவர்கள் வீட்டுத் துவைக்கிற கல்லின்மேல் யாரோ ஏறும் சத்தம்.

சுவருக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி. மாப்பிள்ளையின் அம்மா. மூக்கைப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, இது உங்க எருவுங்களா?"

ஆமாம் என்றேன்.

"வெங்காயமுங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அடியிலிருந்து ஒரு கை அள்ளித் தரச் சொன்னார். நெம்பிய இடத்தில் கையை விட்டு, அடியில் வெந்து கறுத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பட்டுப் புடவை கட்டியிருந்தவர் அதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார், பிழிந்து பார்த்தார், மோந்தார். அவருக்குப் பின்னால் சார் வந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் பக்கம், கொல்லைக் கதவருகில், அம்மா.

"அடியில அருமையா வெந்திருக்குதுங்க. மேலதான் கெட்டுக் கெடக்குது" என்றார் அந்த அம்மாள். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இது தானாக் கெட்டதில்லீங்க தம்பி. ஆரோ தண்ணியக் கட்டி, மூடிப் போட்டுக் கெடுத்திருக்கறாங்க."

உருவிய விரிப்பு என் காலடியிலேயே கிடந்தது. மூன்று வருடம் புத்தகத்தில் பார்த்துக் கற்றதை அவர் ஒரு கைப்பிடியில் கண்டுபிடித்துவிட்டார். அம்மா மண்வெட்டியை நான் பிடுங்கிய நாளை நினைத்திருப்பாள். உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு அதில் அக்கறையே இல்லை. முருங்கை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாராம், நாற்றுப் பைகளில் நிரப்ப இந்த மாதிரி எருவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாராம். கிளறிக் காற்று விட்டால் நாற்பது நாளில் சரியாகிவிடும், பதினைந்து மூட்டை வேண்டும், விலை சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"வெலையெல்லாம் நீங்க பேசக் கூடாது சம்பந்தி. பக்கத்து வீடுதான, நானே வாங்கி அனுப்பி வைக்கிறேன்."

"சம்பந்திங்களா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். "மொதல்ல எரு வரட்டுங்க. அப்பறம் பாக்கலாம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். உள்ளே போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் முப்பது வருடம் கோப்புகளோடு இருந்த சாருக்கு விளையாட்டும் உத்தரவும் ஒன்றுதான். எரு போய்ச் சேர்ந்தால்தான் கல்யாணம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. வேன் போனதும் சுவரோரம் வந்து, "தம்பி, கெளறி விடுப்பா" என்றார். பத்து நாளைக்கு முன்னால் கிளறாதே என்றவர்.

அன்று மத்தியானம் அம்மா முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு தனியாளாக அந்தக் குப்பையைப் பிரித்தாள். நானும் போய் நின்றேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் முழுவதையும் பிரித்து, சருகு கலந்து, பக்கத்தில் புதிதாக அடுக்கினோம். இரண்டு நாளில் நாற்றம் நின்றது.

அந்த நாற்பது நாளும் எனக்கு நல்ல நாட்கள். சார் காலையில் பல் துலக்குவதே சுவரோரம்தான். சூடு வந்துவிட்டதா, மக்கிவிட்டதா, மழை வந்தால் மூடுவாயா என்று கேட்டபடி இருப்பார். அவர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்லுவேன். அவர் வீட்டு வேப்பஞ்சருகை வேலைக்காரியைக் கூட்டச் சொல்லி, சாக்கில் கட்டிச் சுவருக்கு மேலாக நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். நான் அதைத் தனியாக எடுத்துவைத்து எரித்தேன். அவர் வீட்டு இலை ஒன்றுகூட அந்தப் பதினைந்து மூட்டைக்குள் போகவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நாற்பத்தோராம் நாள் மணல் சலிக்கும் வலையில் போட்டுச் சலித்தோம். காப்பித்தூள் மாதிரி விழுந்தது. பேட்டைச் சாக்குகளில் அப்பா கட்டினார். சின்ன யானை என்கிற சரக்கு வண்டி ஒன்று வந்து தெருவில் நின்றது.

சார் எங்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதைத் துடைத்துப் போட்டேன். எவ்வளவு என்று கேட்டுப் பையைத் தடவினார். பணம் அப்புறம் சார், முதலில் இது என்று ஒரு தாளைக் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. என் எழுத்து அவர் எழுத்தைப் போல உருண்டையாக இருக்காது. "இந்த வீட்டுக் கொல்லையில் சேர்க்கப்படும் குப்பையால் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை என்பதையும், என் சொந்த உபயோகத்துக்கும் என் சம்பந்தி வீட்டு உபயோகத்துக்கும் அதை வாங்கிக்கொள்கிறேன் என்பதையும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்." அவர் படித்தார். 'மனப்பூர்வமாக' என்ற இடத்தில் கண் நின்றது தெரிந்தது. படித்து முடித்து, வேறு வழியில்லை என்கிற மாதிரி, பேனாவைத் திறந்தார்.

"பேனா வேண்டாம் சார்" என்றேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி வைத்திருந்த மை டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவருக்கு உடனே புரிந்தது. அதில் அவரைக் குறை சொல்லமாட்டேன். என்னைப் பார்த்தார், வாசலில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தார், அடுப்படிக் கதவில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "நான் தலைமை எழுத்தரா இருந்தவன் தம்பி" என்றார் மெதுவாக. தெரியும் சார் என்றேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "என்னமோ வச்சுட்டு வாங்க, வண்டிக்காரன் நிக்கிறான்ல."

வைத்தார். சாய்வாக, பாதி ரேகை மட்டும் விழும்படி வைத்தார். சரியாக விழவில்லை சார், இன்னொரு தடவை என்றேன். இன்னொரு தடவையும் வைத்தார்.

விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே போய் ஒரு கிழிந்த துணியும் கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். "எண்ணெயத் தொட்டுத் தொடைங்க சார். வெறுந்துணியில போகாது" என்றாள்.

அப்பா பதினைந்து மூட்டையையும் தானே முதுகில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் தலைத் துண்டை உதறிக்கொண்டு சாரிடம் வந்து, ஏற்றுக்கூலி மூட்டைக்கு மூன்று ரூபாய், பேட்டைக் கணக்கு என்றார். பக்கத்து வீடுதானே என்று சார் இழுத்தார். பேட்டையில் பக்கத்து வீடு கிடையாதுங்க என்றார் அப்பா. நடந்ததைப் பற்றி அவர் தன் வாயால் சொன்னது அது மட்டும்தான்.

வண்டி போனபின் நான் அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேகையைப் பார்க்கத் தெரியும். பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மூன்று வருடமாக அந்த நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அந்த ஆளு பொய் சொல்லி வாங்கினாரு பாரு, அதுதாம்ப்பா எனக்கு ஆறலை" என்றாள். "வெரலு வச்சத நான் கேவலமா நெனைக்கல. ரேசன் கடையில வைக்கிறேன், கூட்டுறவுல வைக்கிறேன். நீதான் அதக் கேவலம்னு நெனச்சிருக்க. இல்லாட்டி அவருக்கு ஏன் அதக் கொடுத்த?"

அம்மா காலிச் சாக்குகளை உதறி மடித்து வைக்கப் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மாவும் அப்பாவும் போனார்கள், நான் போகவில்லை. வெங்காயக் குப்பையில் விளைந்த முருங்கை நாற்று இரண்டை அந்த மாப்பிள்ளையின் அம்மா அவர்களிடம் கொடுத்து அனுப்பினார். இரண்டும் இப்போது சுவரோரம் காய்க்கின்றன.

அம்மா சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. பட்டச் சான்றிதழ் இருக்கும் கோப்பில், அதற்கு அடுத்த தாளாக வைத்திருக்கிறேன். இரண்டு ரேகைக்கும் கீழே, அன்று அவர் எண்ணிக் கொடுத்ததை அவர் முன்னாலேயே எழுதினேன். எரு பதினைந்து மூட்டைக்கு அறுநூறு. ஏற்றுக்கூலி நாற்பத்தைந்து. என் அம்மா கட்டிய அபராதம் நூறு. ரோஜாத் தொட்டிகளுக்குப் போன இரண்டு கூடைக்கு இருபது. ஆக எழுநூற்று அறுபத்தைந்து ரூபாய்.